நாலாவது குழாய்

கப்பலைக் கண்டவர் சொல்வதை எழுத
அச்சடித்த தாள் இருந்தது எங்களிடம்.
தேதி, மணி, திசை, கொடி,
புகைக்குழாய் எத்தனை.
ஆறாவது கட்டம் கிடையாது.

வந்தவன் காசிமேட்டு எட்டியப்பன்.
ராயபுரம் கடற்கரை ஆபீசில்
ஈரக் கோவணத்தோடு நின்றான்.
முந்தாநாள் விரித்த பாயில்
உப்புத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.
எனக்கு அதுதான் பெரிதாய்ப் பட்டது.

"நேத்து விடியக்கால, கெழக்கால.
பாத்தா நாலு கொயா, சாமி.
பொகையறது மூணுதான்.
நாலாவதுக்கு மூச்சே இல்ல.
கொண்டக்காத்து ஒண்ணு அடிச்சுது பாரு,
பட்டினி வயிறு மாரி உள்ள போயி
திரும்ப உப்பிச்சி.
இரும்பு உப்புமா?"

கிரிம்லி துரை வரைபடத்தை விட்டுத் தலை தூக்கவில்லை.
எதிரிக்குச் சிவப்புக் கொண்டை ஊசி.
அது சுமத்திராவுக்குத் தெற்கே குத்தியிருந்தது.
கொழும்பு சொன்னது.
கொழும்புக்குச் சிங்கப்பூர் சொன்னது.
சிங்கப்பூருக்கு யார் சொன்னார்களோ.
ஒன்பது நாளாய் ஊசி அசையவில்லை,
அசையாததாலேயே உண்மையாகிவிட்டது.

எத்தனை குழாய் என்று கேள், என்றார்.
நாலு என்றேன்.

பொய்யில்லை. அவன் வாயில் முதலில் வந்த எண் அதுதான்.
மிச்சத்தை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது?
மூச்சு விடாத குழாய் என்றால் சிரிப்பார்.
போன மாதம் ஒருமுறை சிரித்தார்,
என் காது இன்னும் சூடாகத்தான் இருக்கிறது.

"அப்போது நம்முடையது. எதிரிக்கு மூன்று."
கட்டத்தில் 4 போட்டேன்.
என் நாலு அழகாயிருக்கும், எல்லோரும் சொல்வார்கள்.
வீட்டில் கொலு, மூன்றாம் நாள்.
கொண்டைக்கடலை வாங்கிவரச் சொல்லியிருந்தாள்.

எட்டியப்பன் நகரவில்லை.
"சொல்லிட்டியா சாமி?"
சொல்லிட்டேன்.
"மூச்சு இல்லன்னது?"
சொல்லிட்டேன், போ.

அதுதான் பொய்.

இரவு ஒன்பதரை. துறைமுகத்தில்
ஒரு விளக்கைக்கூட யாரும் அணைத்திருக்கவில்லை.
தங்கசாலையில் என் கொலுப்படி ஆடியது,
செட்டியார் பொம்மை மல்லாந்து விழுந்து
கையில் தராசு மட்டும் மிஞ்சியது.
இடி என்றார் அடுத்த வீட்டு ரங்கநாயகலு.
மொட்டைமாடிக்கு ஓடினோம்.
எண்ணெய்த் தொட்டிகள் எரிந்த வெளிச்சத்தில்
வண்ணாரப்பேட்டை ஓடுகளை
ஒவ்வொன்றாய் எண்ணலாம் போலிருந்தது.
எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள்.
நான் என் வலது கையைப் பார்த்தேன்.

விடிந்ததும் ஊர் சென்ட்ரலுக்கு ஓடியது,
தாலிக்கொடியை மடியில் கட்டிக்கொண்டு,
கோழியைக் கூடையில் கவிழ்த்துக்கொண்டு.
நான் ஆபீசுக்குப் போனேன். வேறெங்கே போவது?

ஊசி இன்னும் சுமத்திராவில் இருந்தது.
துரை அதைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு
குத்த இடம் தேடினார்.
வங்காள விரிகுடாப் படம் அது.
எங்கள் ஊர்
மரச்சட்டத்துக்கு அடியில் போயிருந்தது.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள்.
என் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள்.
திருத்தம் இல்லை, மைக்கறை இல்லை,
முறைப்படி இருக்கிறது என்று எழுதிக்கொண்டார்கள்.

பத்தாம் நாள் எட்டியப்பன் வந்தான்.
துப்புச் சொன்னவனுக்கு நாலணா உண்டு, சட்டம்.
ரசீதில் எழுதினேன்:
நாலு குழாய்க் கப்பல் கண்டமைக்கு.
வாசித்துக் காட்டச் சொன்னான். காட்டினேன்.
விரல் வைத்தான்.
நெளிவிளிம்பு ஓரணா நாலு, மேசையில்.

மூன்றை எடுத்து முந்தியில் முடிந்தான்.
ஒன்றை
என் பக்கமாய்த் தள்ளினான்.

ஒன்றும் சொல்லவில்லை.
வாசலில் நின்று காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தான், போய்விட்டான்.

திரும்பி வந்த காசை வரவு வைக்க
எங்கள் பேரேட்டில் இடமில்லை.
மைக்கூட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது.
துரை ஒருமுறை கேட்டார், யாருடையது என்று.
தெரியாது என்றேன்,
இங்கிலீஷில்.